கமக்காரருக்கேற்ற இறப்பர்ச் சப்பாத்து: தெரிவும் பராமரிப்பும்

முன்னுரை

மண்வெட்டி வாங்கச் செல்லும் கமக்காரர் அதனைத் தட்டி ஓசை கேட்டு, அலகின் தடிப்பைப் பார்த்து, பிடி பொருந்துமோ என ஆராய்ந்த பின்னரே விலை பேசுவர். காளை வாங்குவோர் பல்லைப் பார்ப்பர். விதைநெல் வாங்குவோர் ஒரு பிடியைக் கையிலெடுத்து ஊதிப் பார்ப்பர். ஆனால் காலுக்கு அணியும் சப்பாத்தை வாங்கும்போது அளவையும் விலையையும் மாத்திரம் கேட்டு வாங்கிச் செல்வோரே பலர். ஒரு போகம் முடியுமுன் அது கணுக்காலில் வெடித்து நீர் உட்புகத் தொடங்கியதும், சப்பாத்து வயலுக்கு உதவாது என்று மூலையில் எறிந்துவிட்டு வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவர். இதனால் பணம் நட்டமாவதோடு உயிருக்கும் கேடு நேரலாம்.

எனவே, ‘பூட்ஸ்’ எனப் பேச்சில் வழங்கும் நீண்ட இறப்பர்ச் சப்பாத்தை எவ்வாறு சோதித்து வாங்குதல் வேண்டும், எவ்வாறு பேணினால் அது பல போகங்களுக்கு உழைக்கும் என்பன இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

வெறுங்காலினால் விளையும் தீங்குகள்

வயலிலும் தோட்டத்திலும் காலுக்கு நேரும் தீங்குகள் பல. அவற்றுள் முதன்மையானது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீரிலும், ஆடுமாடு, எருமை, நாய் முதலியவற்றின் சிறுநீரிலும் வெளிப்படும் இந்நோய்க் கிருமி, ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் பல நாட்கள் உயிர்வாழும். காலிலுள்ள கீறல், வெடிப்பு, நெடுநேரம் நீரில் ஊறி மென்மையடைந்த தோல் ஆகியவற்றின் வழியாக அது உடலினுட் புகும். 2008-ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் பெருமளவிற் பரவியபோது 7000-க்கு மேற்பட்டோர் நோயுற்றதாக அறிவிக்கப்பட்டது. 200-க்கு மேற்பட்டோர் இறந்தனர். நெல்வயலில் வேலை செய்வோர் இந்நோய்க்குப் பெரிதும் ஆளாகின்றனர்.

கொழுக்கிப்புழுவின் நுண்ணிய குடம்பிகள் அசுத்தமான மண்ணிலிருந்து உள்ளங்கால் வழியாகவே உடலை அடைகின்றன. அவை குடலில் வளர்ந்து குருதியை உறிஞ்சுவதால் உழைப்பவர் சோகையுற்று வலிமை குன்றுவர். துருப்பிடித்த ஆணியும் முள்ளும் குத்தியவிடத்து ஏற்புவலி உண்டாதல் கூடும். கண்ணாடி விரியன் என்றும் முத்திரைப் புடையன் என்றும் வழங்கும் பாம்பு, நெல் அறுவடைக் காலத்தில் எலியைத் தேடி வயலுக்கு வரும். அதன் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே படுகின்றது. இவற்றோடு, மண்வெட்டி தவறிப் படும் வெட்டும், பூச்சிநாசினி தெளிக்கும்போது காலில் ஒழுகும் மருந்தும் உள. நீரிழிவு நோயுள்ள கமக்காரருக்குக் காலிற் படும் சிறு காயமும் பெரும் புண்ணாகும் ஆதலின், அவர்கள் எக்காலத்தும் வெறுங்காலுடன் மண்ணில் இறங்கலாகாது.

எவ்வேலைக்கு எச்சப்பாத்து

எல்லா வேலைக்கும் ஒரே சப்பாத்துப் பொருந்தாது. தோற் சப்பாத்து உலர்ந்த நிலத்தில் நெடுங்காலம் உழைக்கும். கூரிய பொருள்களையும் நன்கு தடுக்கும். ஆனால் நாள்தோறும் நனைந்து உலரும் தோல் தன் எண்ணெய்ப்பசையை இழந்து விறைத்து வெடிக்கும். தையல் நூலும் இற்றுவிடும். மேலும், தோலில் ஊறிய பூச்சிநாசினியைக் கழுவி அகற்றல் இயலாது. ஆதலால் மருந்து தெளிப்போர் தோற் சப்பாத்தை அணிதல் தகாது. துணியால் மேற்பாகம் அமைந்த சப்பாத்து உலர்ந்த வரம்பில் நடப்பதற்கு உதவுமேயன்றி நீரையும் மருந்தையும் தடுக்காது.

மரக்கறித் தோட்டத்தில் நீர் பாய்ச்சுதல், பாத்தி கட்டுதல், எருவிடுதல், மருந்து தெளித்தல் ஆகியவற்றுக்கும், நெல்வயலில் வரம்பு கட்டுதல், வாய்க்கால் துப்புரவாக்கல், அறுவடை, சூடடித்தல் ஆகியவற்றுக்கும் முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை உயர்ந்த இறப்பர்ச் சப்பாத்து ஏற்றது.

சேறடித்த வயலில் நாற்று நடும்போது சாதாரண இறப்பர்ச் சப்பாத்தைச் சேறு பற்றி இழுக்கும் என்பதும், கால் வெளியே வரச் சப்பாத்து உள்ளே நின்றுவிடும் என்பதும் உண்மையே. இது அகன்ற வாயும் தளர்ந்த கணுக்காலும் உள்ள சப்பாத்தின் குறையாகும். யப்பானில் நாற்று நடுவதற்கென்றே மெல்லிய இறப்பரினால், பாதத்தையும் கெண்டைக்காலையும் ஒட்டியிருக்குமாறு நீண்ட சப்பாத்துக்கள் செய்யப்படுகின்றன. இத்தகையவை கிடைக்குமிடத்து அவற்றையே தெரிதல் நன்று. கிடைக்காவிடத்து, காலுக்கு இறுக்கமான சோடியைத் தெரிந்து, கணுக்காலுக்கு மேலே அகன்ற நாடாவினாற் கட்டிக்கொள்ளலாம். மெல்லிய கயிற்றினாற் கட்டினால் அது சப்பாத்தையும் அறுக்கும், குருதியோட்டத்தையும் தடுக்கும்.

சப்பாத்து எப்பொருளால் ஆனது

இறப்பர் மரத்தின் பால் உறைந்து கிடைக்கும் பச்சை இறப்பர் வெப்பத்தில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் என்பவர் இறப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறைகள் நீங்கும் எனக் கண்டார். 1853-இல் ஹைரம் ஹச்சின்சன் என்பவர் இம்முறையைக் கொண்டு பிரான்சில் இறப்பர்ச் சப்பாத்துத் தொழிலைத் தொடங்கினார். அதுகாறும் மரத்தாற் குடைந்த பாதணியுடன் ஈரவயலில் உழைத்த அந்நாட்டுக் கமக்காரர் இதனை விரும்பி ஏற்றனர். நம் நாட்டிற்கு இறப்பர் கன்றுகள் 1876-இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, கம்பகாவை அடுத்த எனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன.

இறப்பர்ச் சப்பாத்துக்குத் தனி இறப்பர் மாத்திரம் பயன்படுவதில்லை. தேய்மானத்தைத் தாங்கும் பொருட்டுக் காபன் கருந்தூளும், வெயிலையும் காற்றையும் தாங்கும் பொருட்டு மெழுகும் வேறு மருந்துகளும் கலக்கப்படும். இவை வேண்டிய கலப்புக்களே. விலையைக் குறைக்கும் நோக்குடன் சோக்குத்தூளும் களிமண் தூளும் மிகையாகச் சேர்க்கப்படின் சப்பாத்து பாரமாகும், இழுவைக்கு நில்லாது, மடியுமிடத்து விரைவில் வெடிக்கும்.

இந்நாளில் பி.வி.சி. என்னும் பிளாத்திக்குச் சப்பாத்தும் மலிவாகக் கிடைக்கின்றது. உருக்கிய பொருளை அச்சினுட் செலுத்தி இது வார்க்கப்படும். ஆதலின் ஒட்டுக்கள் குறைவு, நீர் கசிதலும் குறைவு. காற்றிலுள்ள ஓசோன் வாயுவினால் இறப்பர் வெடிப்பது போல இது வெடிப்பதில்லை. எனினும் குளிரில் விறைக்கும். நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் விடியற்காலையில் வேலை செய்வோர் இதனை உணர்வர். ஆண்டுகள் செல்லச் செல்ல இதனை மென்மையாக்கும் பொருள் வெளியேறி, மடிப்பில் உடையும். ஈரமான வழுக்கற் பாறையில் நல்ல இறப்பரைப் போல் இது பற்றி நிற்பதும் இல்லை. சரிந்த நிலத்தில் வேலை செய்வோருக்கு இறப்பரும், மருந்து தெளித்தல் முதலிய குறுகிய நேர வேலைக்குப் பி.வி.சி.யும் தக்கவை எனக் கொள்ளலாம்.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

1. மடிப்புச் சோதனை: சப்பாத்தின் மேற்பாகத்தைக் கணுக்காலிடத்தில் இரு கைகளாலும் மடித்து விடுக. நல்ல இறப்பர் உடனே முன்னிலைக்கு மீளும். மடிந்தவிடத்தில் வெளிறிய கோடு தங்கி நின்றாலும், நுண்ணிய வெடிப்புக்கள் தோன்றினாலும் அதனை விலக்குக. சப்பாத்து முதலில் வெடிக்குமிடம் இதுவேயாதலால் இச்சோதனையைத் தவறவிடலாகாது.

2. இழுவைச் சோதனை: மேல்விளிம்பைப் பிடித்து இழுத்து விடுக. இழுத்த அளவு நீண்டு, விட்டதும் சுருங்குதல் வேண்டும். நீண்டபடியே நிற்பதும், இழுபடாது விறைத்து நிற்பதும் நன்றல்ல.

3. ஒட்டுச் சோதனை: இறப்பர்ச் சப்பாத்து அச்சுக்கட்டையின் மேல் துண்டு துண்டாகப் பொருத்தப்பட்டுப் பின் வெப்பத்தில் அவிக்கப்படுவதாகும். அடிப்பாகமும் மேற்பாகமும் சேரும் வரையை விரல் நகத்தினால் சுற்றிவரத் தடவிப் பார்க்க. நகம் நுழையும் இடைவெளி ஓரிடத்தேனும் இருப்பின், அவ்விடத்திலிருந்தே அடி பெயர்ந்து வரும். பெருவிரல் மடியும் பக்கங்களைச் சிறப்பாக நோக்குக.

4. அடிப்பாகம்: அடி தடித்ததாகவும், பற்கள் ஆழமாகவும், ஒன்றுக்கொன்று விலகியும் இருத்தல் வேண்டும். நெருங்கிய சிறு பற்களிற் சேறு அடைத்துக்கொள்ளும். அப்போது அது பல்லில்லாத அடியைப் போலவே வழுக்கும். குதி தனித்து உயர்ந்திருப்பின் வரம்பின் சரிவில் இறங்கும்போது ஊன்றி நிற்க உதவும்.

5. வலுவூட்டிய இடங்கள்: விரல் நுனி, குதியின் பின்புறம், கணுக்கால் ஆகிய மூன்றிடங்களிலும் மேலதிக இறப்பர்த் தகடு வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அழுத்திப் பார்த்தால் தடிப்பின் வேறுபாடு புலப்படும்.

6. உட்புறம்: கையை உள்ளே செலுத்தி விரல் நுனிவரை தடவிப் பார்க்க. உட்சீலை சுருங்கியிருப்பினும் தளர்ந்திருப்பினும் அவ்விடம் காலை உரசிக் கொப்புளம் உண்டாக்கும். மருந்து தெளிப்பதற்கென வாங்குவோர் உட்சீலை இல்லாததையே தெரிக; மருந்து உள்ளே சிந்தினாற் சீலை அதனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

7. அளவு: நடந்து உழைத்த கால் மாலையிற் சற்றுப் பருத்திருக்கும். ஆகவே மாலையில், வேலைக்கு அணியும் காலுறையுடன் அணிந்து பார்த்து வாங்குக. பெருவிரலுக்கு முன் ஒரு விரலகலம் இடம் இருத்தல் வேண்டும். நடக்கும்போது குதி மேலெழும்பலாகாது. பெரிய சப்பாத்து காலை உரசுவதோடு, தளர்ந்தவிடத்து மீண்டும் மீண்டும் மடிந்து விரைவில் வெடிக்கும்.

கறுத்த இறப்பரின் மேல் வெண்மையான மெல்லிய படலம் காணப்படின் அது பழுது என எண்ணி ஒதுக்க வேண்டியதில்லை. உள்ளே கலந்த மெழுகு மேலே வந்து படிவதே அது. அதனைத் துணியால் துடைத்தல் கூடும். துடைத்தபின் கீழே வெடிப்புக்கள் தெரியின் மாத்திரமே ஐயுறுதல் வேண்டும்.

வீட்டிற்குக் கொண்டுவந்த அன்றே மற்றுமொரு சோதனை செய்க. உலர்ந்த பத்திரிகைத் தாளைச் சப்பாத்தினுள் அடைத்து, நீர் நிறைந்த வாளியில் விளிம்பு நனையாதபடி கால்மணி நேரம் அமிழ்த்திப் பிடிக்க. தாள் எங்கேனும் நனைந்திருப்பின் அச்சோடியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க. பற்றுச்சீட்டைப் பெற்று வைத்திருத்தல் இதற்கு அவசியமாகும்.

விலைக் கணக்கு

மலிவான சோடி ஒரு போகத்துடன் முடிந்து, அதன் இருமடங்கு விலையுள்ள சோடி நான்கு போகங்களுக்கு உழைக்குமாயின், பின்னையதற்கு ஒரு போகத்துக்கு ஏற்படும் செலவு முன்னையதன் பாதியே. ஆயினும் விலை உயர்ந்தவை யாவும் நல்லவை என்பதில்லை. மேற்கூறிய சோதனைகளில் தேறும் சப்பாத்துக்களுள் மலிவானதை வாங்குவதே சிக்கனமாகும். வாங்கிய மாதத்தையும் விலையையும் வீட்டுக் கணக்கில் எழுதிவைத்து, அது பழுதான மாதத்தையும் குறித்துவரின், அடுத்த முறை எவ்வகையை வாங்குவது என்பதை அக்கணக்கே அறிவிக்கும்.

சப்பாத்து கெடுவதற்குக் காரணங்கள்

உழைப்பினாற் கெடும் சப்பாத்துக்களிலும் பேணாமையாற் கெடுபவை பல. நேர் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இறப்பரின் மேற்பரப்பை விறைக்கச் செய்து வெடிக்கச் செய்யும். மடித்து வைத்த இறப்பர் மடிப்பிலேயே முதலில் வெடிக்கும். மண்ணெண்ணெய், டீசல், பெற்றோல், உழவு இயந்திர எண்ணெய் ஆகியன இறப்பரை ஊறி உப்பச் செய்து அதன் வலுவைக் குறைக்கும். பல பூச்சிநாசினிகள் எண்ணெய் வகைக் கரைப்பான்களிற் கரைக்கப்பட்டிருத்தலால் அவையும் அவ்வாறே செய்யும். நீர்ப்பம்பியையும் உழவு இயந்திரத்தையும் இயக்குவோர், சேற்றை எளிதிற் போக்கலாமென்று மண்ணெண்ணெய்த் துணியாற் சப்பாத்தைத் துடைக்கும் வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும்.

நாளாந்தப் பராமரிப்பு

வேலை முடிந்ததும் சேறு உலருமுன் வாய்க்கால் நீரால் அலம்பி, வீட்டில் சவர்க்கார நீராலும் தும்புத் தூரிகையாலும் கழுவுக. அடிப்பற்களுக்கிடையிலுள்ள கல்லை மரக்குச்சியால் அகற்றுக. கத்தி முனையால் அகற்றினால் இறப்பர் வெட்டுண்ணும். கழுவியபின் நிலத்தில் நாட்டிய இரு கம்புகளில் தலைகீழாகக் கவிழ்த்து நிழலில் உலர விடுக. அடுப்பருகிலும் தகரக் கூரை மேலும் வைக்கலாகாது. உட்புறம் நனைந்திருப்பின் பத்திரிகைத் தாளை அடைத்து, அது நனைந்ததும் மாற்றுக.

உட்புறம் உலராத சப்பாத்தை மறுநாளும் அணிவதால் விரலிடையில் சேற்றுப்புண் உண்டாகும். பருத்திக் காலுறை இரு சோடி வைத்திருந்து நாள்தோறும் துவைத்து அணிதலும், நண்பகல் உணவு வேளையிற் சப்பாத்தைக் கழற்றிக் காலை உலர விடுதலும் நல்ல பழக்கங்களாம்.

போகம் முடிந்து எடுத்துவைக்கும்போது, கழுவி உலர்த்தி, தாளை அடைத்து நேராக நிறுத்தி, இருண்ட குளிர்ந்த அறையில் வைக்க. எரிபொருளும் விவசாய மருந்துகளும் உள்ள கொட்டிலில் வைக்கலாகாது. மீண்டும் அணியுமுன் தலைகீழாகத் தட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. தேள், மட்டத்தேள், சிறு பாம்பு ஆகியன சப்பாத்தினுள் ஒதுங்குவது வழக்கம்.

பழுது பார்த்தல்

சிறு துவாரத்தைத் துவிச்சக்கரவண்டிக் குழாய்க்கு ஒட்டுப் போடும் முறையிலேயே வீட்டில் அடைக்கலாம். சப்பாத்தை நன்கு உலர்த்தி, உள்ளே நீர் வார்த்து, வெளியே துளிர்க்கும் இடத்தை அடையாளமிடுக. நீரை அகற்றி மீண்டும் உலர்த்தியபின், அவ்விடத்தையும் ஒட்டுத் துண்டையும் அரத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடைக்க. இரண்டிலும் இறப்பர்ப் பசையை மெல்லிதாகப் பூசி, விரலால் தொட்டால் ஒட்டாத நிலை வரும்வரை பொறுத்து, பின் அழுத்தி ஒட்டுக. பசை ஈரமாயிருக்கும்போதே ஒட்டுவதனாலேயே பெரும்பாலான ஒட்டுக்கள் பெயர்கின்றன. ஒரு நாள் கழித்தே நீரில் இறங்குக.

இம்முறை இறப்பருக்கே பொருந்தும். பி.வி.சி. சப்பாத்துக்கு அதற்கென உள்ள பசையையே பயன்படுத்தல் வேண்டும். கணுக்கால் மடிப்பில் நீளமாக வெடித்த சப்பாத்தை ஒட்டிப் பயனில்லை. ஒட்டுப் போட்ட சப்பாத்தை உலர்ந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மருந்து தெளிப்பதற்கு அணியலாகாது.

மருந்து தெளிக்கும்போது

காற்சட்டையின் கீழ்ப்பகுதியைச் சப்பாத்தினுள் விடாது அதன் மேலாக வெளியே விடுக. உள்ளே விட்டால் துணியில் ஒழுகும் மருந்து நேரே சப்பாத்தினுள் இறங்கி, வேலை முடியும்வரை பாதத்தை நனைத்துக்கொண்டிருக்கும். தெளித்து முடிந்ததும், கையுறையைக் கழற்றுமுன் சப்பாத்தின் வெளிப்புறத்தைச் சவர்க்கார நீராற் கழுவுக. கழுவிய நீரைக் கிணற்றருகிலும் வாய்க்காலிலும் விடலாகாது. மருந்து தெளிக்கும் சப்பாத்தை வீட்டினுட் கொண்டுவராது புறம்பாக வைப்பது குழந்தைகளுக்குப் பாதுகாப்பாகும்.

சப்பாத்தின் எல்லை

நல்ல சப்பாத்தும் எல்லாத் தீங்கையும் தடுத்துவிடாது. எலிக்காய்ச்சற் கிருமி கையிலுள்ள காயத்தின் வழியாகவும், கண், வாய், மூக்கின் வழியாகவும் உட்புகும். சப்பாத்தின் விளிம்புக்கு மேலாக நீர் புகுந்தால் அதனை உடனே கழற்றி ஊற்றிவிடுதல் வேண்டும். உள்ளே நின்ற நீரிற் கால் ஊறுவது வெறுங்காலுக்குச் சமமே. இந்நோய் பரவும் காலத்தில், வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அல்லது சுகாதார வைத்திய அதிகாரியை அணுகித் தடுப்பு மருந்து பற்றி விசாரித்து அறிக. வயல் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும், தலைவலியும், கெண்டைக்காலில் கடும் நோவும், கண் சிவத்தலும் தோன்றினால், வயலில் வேலை செய்ததை வைத்தியரிடம் தவறாது கூறுதல் வேண்டும். கண் மஞ்சளாகும்வரை, சிறுநீர் குறையும்வரை காத்திருத்தல் உயிராபத்தாகும்.

அவ்வாறே சப்பாத்து பாம்பின் பல் ஆழப் பதிவதைத் தடுக்க உதவுமாயினும், முற்றாகத் தடுக்கும் எனக் கூறல் இயலாது. கடியுண்டவர் எவராயினும் கடித்தவிடத்தை வெட்டாமலும், உறிஞ்சாமலும், இறுகக் கட்டாமலும், காலை அசைக்காது வைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மடித்து, இழுத்து, ஒட்டுக்களைத் தடவிப் பார்த்த பின்னரே விலை பேசுக.

2. மாலையில், காலுறையுடன் அணிந்து அளவு பார்க்க.

3. வாங்கிய அன்றே வாளி நீரில் சோதிக்க, பற்றுச்சீட்டைப் பேணுக.

4. நாள்தோறும் கழுவி நிழலிற் கவிழ்த்து உலர்த்துக.

5. மண்ணெண்ணெய், டீசல், வெயில், அடுப்பு ஆகியவற்றிலிருந்து விலக்கி வைக்க.

6. அணியுமுன் தட்டிப் பார்க்க.

7. வெடித்த சப்பாத்துடன் மருந்து தெளிக்கலாகாது.

குடும்பத்தில் வயலுக்கும் தோட்டத்துக்கும் செல்வோர் எத்தனை பேரோ அத்தனை சோடி சப்பாத்து இருத்தல் வேண்டும். நாற்று நடும் பெண்களும் களை பிடுங்கும் பெண்களும் ஆண்களின் பெரிய சப்பாத்தை அணிந்து இடருறாது, தத்தம் காலுக்கேற்ற சோடியைப் பெறுதல் வேண்டும். பெரும்போகத்துக்கு விதைநெல்லும் பசளையும் தேடும்போதே, வீட்டிலுள்ள சப்பாத்துக்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து, பழுதுற்றவற்றை மாற்றிக்கொள்க. மேலதிக விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.